பாடப்புத்தகத்தில் இல்லாத வட்டம்

முத்துக்குமார் போன மாதம் போன் செய்தான். என்னிடம் படித்தவன். இப்போது தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த அதே கல்லூரியில், அதே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்குத் தலைவர். தலைவரைப் போய் 'அவன்' என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முன் பெஞ்சில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"மேடம், டிபார்ட்மெண்ட்ல மலர் போடுதோம். சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பேப்பருக்கு சிலபஸ் மாறுது. புதுசா வேலைக்கு வந்திருக்க ஸ்டாஃபுக்கு எந்த புக்கைப் போடணும், எதை வச்சு எடுக்கணும்னு ஒண்ணும் பிடிபடல. அதைப் பத்தி நீங்கதான் எழுதணும். உங்க அனுபவத்தை இனிமையா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க."

எல்லாம் சரி, அந்த 'இனிமையா'தான் உறுத்தியது. பாடப்புத்தகம் தேர்ந்தெடுத்த வகையில் எனக்கு இனிமையான நினைவு என்று ஒன்றுமில்லை. இருப்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவன் பாடு.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் அண்ட் டிசைன் என்பது பெயர்தான் பெரிது. ஓர் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்த்து, விசாரித்து, அதைப் படமாக வரைவது முதல் பாதி. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எப்படிச் செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது இரண்டாம் பாதி. முதல் பாதியில் கோட்டை விட்டால் இரண்டாம் பாதியை எவ்வளவு ஜோடித்தாலும் பிரயோசனம் இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் பாடப்புத்தகம்.

நான் கணிதம் படித்தவள். மதுரையில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். புரோகிராமிங் பாடங்களை எல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் தொடாமல் கிடந்த பாடம் இது. 'சும்மா கதை மாதிரி இருக்கும்மா, வாசிச்சாப் போதும்' என்று என் தலையில் கட்டினார்கள். அந்தக் கதையைத்தான் ஓய்வு பெறுகிற வரைக்கும் நடத்தினேன்.

அப்போது கையில் கிடைத்த வெளிநாட்டுப் புத்தகத்தில் ஒரே ஓர் உதாரணம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வரும். விமான நிலையத்தில் கார் வாடகைக்கு விடுகிற கம்பெனி. விமானத்திலிருந்து இறங்கியவர் கவுண்டருக்கு வருவார், லைசென்ஸைக் காட்டுவார், சாவியை வாங்கிக்கொண்டு காரைத் தானே ஓட்டிப் போவார். என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் நாசரேத்திலிருந்தும் சாகுபுரத்திலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். ஒருவரும் அந்த மாதிரிக் கவுண்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை. ஆனாலும் பரீட்சையில் அத்தனை பேரும் அந்தக் கம்பெனியைப் பிசகாமல் வரைந்தார்கள். 'உங்க ஊர் ரேஷன் கடைக்கு வரைந்து காட்டு' என்றால் முழித்தார்கள். பார்க்காததை வரையத் தெரிகிறது, பார்ப்பதை வரையத் தெரியவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் புத்தகங்களைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். நான் பலசரக்குக் கடைக்காரர் மகள். மல்லியாக இருந்தாலும் வற்றலாக இருந்தாலும் எங்கள் வீட்டில் நுகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டார்கள். பதிப்பகத்தார் அனுப்புகிற மாதிரிப் பிரதிகளையும் அப்படித்தான் பார்த்தேன். முன்னுரையையும் ஆசிரியரின் பட்டங்களையும் விட்டுவிடுவேன். நேரே, வேலை செய்கிறவரைப் பேட்டி காண்பது பற்றிய அத்தியாயத்துக்குப் போவேன். அங்கே கேள்வி கேட்கப்படுகிற ஆள் எல்லாவற்றுக்கும் மணி மணியாகப் பதில் சொன்னால் அந்தப் புத்தகத்தை மூடிவிடுவேன். உலகத்தில் எந்த மனிதரும் தன் வேலையைப் பற்றி முதல் கேள்விக்கே முழு உண்மையைச் சொன்னது கிடையாது. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. தினமும் செய்கிற வேலை, சொல்ல வேண்டிய விஷயமாக அவர்களுக்குத் தோன்றாது. அதைப் போய்ப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லுகிற புத்தகமா என்று பார்ப்பேன். அப்புறம், புத்தகத்தில் வருகிற கம்பெனி எங்கேயாவது ஒரு தடவை தோற்றுப் போகிறதா என்று தேடுவேன். எல்லாப் பக்கத்திலும் ஜெயிக்கிற கம்பெனியை வைத்து எதையும் படிக்க முடியாது.

முத்துக்குமார், நீ கேட்ட பதில் இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொண்டால் உன் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் நிறுத்தப் போவதில்லை.

அப்போது எங்கள் துறைத் தலைவர் சங்கரலிங்கம் சார். தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊர்க்காரர். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. யாராவது ஒருவருடைய யோசனையைக் கொல்லப் போகிறார் என்றால் முதலில் தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். 'முதல்ல டீயைக் குடிம்மா' என்பார். குடித்து முடிக்கிற வரைக்கும் புன்னகையோடு காத்திருப்பார். பிறகு ஒரே ஒரு வார்த்தை: 'பாத்துக்கிடலாம்.' அவர் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் 'பாத்துக்கிடலாம்' என்று சொன்ன எதுவும் நடந்து நான் பார்த்ததும் இல்லை.

புத்தகம் தேர்ந்தெடுக்கிற கூட்டம் அவர் அறையில்தான் நடக்கும். மாதிரிப் பிரதிகளை மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். அடுத்து, சிலபஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூனிட் ஒன்றுக்கு எந்த அத்தியாயம், யூனிட் இரண்டுக்கு எந்த அத்தியாயம் என்று பென்சிலால் குறிப்பார். வரிசை மாறியிருந்தால் புத்தகம் தேறாது. கடைசியாகப் பின்பக்கம் புரட்டி, ஐந்து மார்க் கேள்வி, பத்து மார்க் கேள்வி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பார். இந்த மூன்றுதான் அவர் கணக்கு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை அவரோடு மல்லுக்கு நின்றபோது நிதானமாகச் சொன்னார்.

"எம்மா, நம்ம பிள்ளைகள்ல பாதிப் பேர் தமிழ் மீடியம். இவ்வளவு தண்டி இங்கிலீஷ் புக்கைக் கொடுத்தா பயந்து ஓடிருவான். அவன் வீட்டுல அவன்தான் மொதப் பட்டதாரி. அவனுக்கு வேண்டியது பாஸு. பாஸ் ஆனா வேலை. வேலைக்குப் போனப்புறம் அவனே தெரிஞ்சுக்கிடுவான்."

"வேலைக்குப் போய்த் தெரிஞ்சுக்கிடலைன்னா சார்?"

"பாத்துக்கிடலாம்" என்றார்.

அவர் எழுதிய கைடு ஒன்று இருந்தது. மெலிசான புத்தகம். பாயிண்ட் பாயிண்டாக விடைகள், கூடவே அதே விமான நிலையத்துக் கார் கம்பெனி. அதைப் படித்து நிறையப் பேர் பாஸ் ஆனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடவை நான் ஜெயித்தேன். வெளியூரிலிருந்து பாடத்திட்டக் குழுவுக்கு வந்த ஓர் அம்மாள் என் பக்கம் பேசியதால், நான் நுகர்ந்து பார்த்து எடுத்த புத்தகம் பாடப்புத்தகமாக வந்தது. கனமானதுதான். ஆனால் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் 'உன் ஊரில் ஓர் இடத்துக்குப் போ, பார், வரை' என்று இருக்கும். நான் பிள்ளைகளைத் துரத்திவிட்டேன். உப்பளம், மொத்த மளிகைக் கடை, துறைமுக வாசலில் லாரிகள் நிற்கிற இடம் என்று போய் வெயிலில் கருத்துத் திரும்பி வந்தார்கள். 'படிக்க அனுப்பினா ஊர் சுத்த விடுதாவளே' என்று பெற்றோர் சிலர் புகார் சொன்னார்கள். ஆசிரியையாக நான் சந்தோஷமாக இருந்த காலம் அது மட்டும்தான். இரண்டு வருடம்கூட முழுதாக நீடிக்கவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஜெனிட்டா. தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தன் ஊர் மீன் ஏலத்தை எடுத்துக்கொண்டாள். கரைக்கு வருகிற வள்ளங்களின் மீனை எந்த வரிசையில் ஏலம் விடுவது என்பதுதான் அவளுடைய சிஸ்டம். அங்கே வரிசை சாதாரண விஷயமில்லை. வியாபாரிகளின் லாரிகள் குறிப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பிவிடும். பிந்தி ஏலம் போகிற மீனைச் சீண்ட ஆள் இருக்காது. அதுவும் சூரை மீன் என்றால் ஐஸ் கரைந்ததும் கெட்டுவிடும்.

முதல் தடவை போய்விட்டு வந்து, "ரொம்ப ஈசி மேடம். வந்த வரிசைக்குத்தான் ஏலம்னு ஏலம் கூறுறவரே சொல்லிட்டாரு" என்றாள்.

"சொன்னாரு சரி. நீ பாத்தியா?"

"நான் பொறந்ததே அங்கனதான மேடம்."

"அதான் சொல்லுதேன். பொறந்த ஊரை யாரும் பாக்கதில்ல. போய் நின்னு பாரு."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பல நாள் போய் நின்றாள். ஒரு நாள் காலையில் வகுப்புக்குக்கூடப் போகாமல் நேரே ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"மேடம், நேத்து கடைசியா வந்த வள்ளத்தை மொதல்ல கூப்பிட்டுட்டாவ! அதுக்கு முன்ன வந்து நின்ன வள்ளக்காரங்க ஒருத்தரும் வாயைத் தொறக்கல. ஏன் மாமா அவுகளை மொத கூப்பிடுதீயன்னு ஏலக்காரர்ட்ட கேட்டேன். அவரு என்னையப் பைத்தியக்காரி மாதிரிப் பாக்காரு."

"என்ன சொன்னாரு?"

"'ஏளா, அவன் தேடப் போயிட்டுல்லா வாரான்' அப்பிடிங்காரு."

விஷயம் இதுதான். ஒரு வள்ளம் கரை திரும்பவில்லை என்றால் கோயில் மணி அடிப்பார்கள். அவர்கள் கோயில் என்றால் மாதா கோயில். கடலில் இருக்கிறவர்களுக்கு வயர்லெஸ்ஸில் செய்தி போகும். பக்கத்தில் இருக்கிற வள்ளம், வலையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேடப் போகும். தேடப் போனவர்கள் பிடித்த மீன் ஐஸில் கிடந்து தண்ணீராகும், நேரம் போகும். அதனால் அவர்கள் எப்போது கரைக்கு வந்தாலும் முதல் ஏலம் அவர்களுக்குத்தான். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. சலுகை என்றும் அவர்கள் நினைக்கவில்லை.

"அப்ப வந்த வரிசைன்னு ஏன் சொன்னீயன்னு மடக்கினேன் மேடம். அதுக்கு அவரு சொல்லுதாரு, 'ஆமா, வந்த வரிசைதான். தேடப் போனவன் மொதல்லயே வந்துட்டான்னுதான் அர்த்தம். அவன் அடுத்தவன் உசிரைப் பாக்கப் போகலன்னா மொதல்ல வந்திருப்பான்லா?' அப்பிடிங்காரு."

அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பாவும் ஒரு தடவை கரை திரும்பாமல் இருந்தாராம். கச்சான் என்கிற மேற்குக் காற்றில் அடித்துக்கொண்டு போன வள்ளத்தை இன்னொரு வள்ளம் தேடிப் பிடித்துக் கட்டி இழுத்து வந்திருக்கிறது.

அத்தனை வருடம் பாடம் நடத்தினேனே, ஒரு பிள்ளை நிஜமாகவே அனாலிசிஸ் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். படத்தை வரைந்து காட்டினாள். இந்த மாதிரிப் படத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், தகவல் போகிற வழிக்கு ஓர் அம்பு. வள்ளம் கரைக்கு வருவது ஒரு வட்டம், வரிசையில் இடம் குறிப்பது ஒரு வட்டம், ஏலம் ஒரு வட்டம். இவற்றுக்கு நடுவில், 'தேடப் போன வள்ளமா என்று பார்த்தல்' என்று தனியாக ஒரு வட்டம். படத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

இதற்கிடையில் சங்கரலிங்கம் சார் ஒரு வேலை செய்திருந்தார். வருட நடுவில் திருத்திய பட்டியலில் நான் எடுத்த புத்தகம் 'பார்வை நூல்' என்று கீழே இறங்கியிருந்தது. மேலே அவருடைய கைடு. எனக்குத் தெரிய வந்தபோது பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போயாகிவிட்டது. அறைக்குள் போய்ச் சத்தம் போட்டேன். பிளாஸ்க்கைத் திறந்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர், சாருக்கு வேண்டியவர். கையில் கைடை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி என்ற முறையில் நானும் அந்த அறையில் இருந்தேன். எனக்கு முன்னால்தான் நடந்தது. முத்துக்குமார் அதே பேட்ச். கைடில் இருந்த கார் கம்பெனியை அச்சு மாறாமல் கொண்டுவந்து வைத்தான். 'எக்ஸலண்ட்' என்று கைகொடுத்தார்கள். அடுத்து ஜெனிட்டா.

தேர்வாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த வகை? முதல்ல வந்தவருக்கு முதல்லயா, இல்ல முன்னுரிமை கொடுக்கிறதா? புத்தகத்தில் இந்த ரெண்டுதான் இருக்கு" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அவளும் இங்கிலீஷிலேயே தட்டுத் தடுமாறி, "முதல்ல வந்தவருக்கு முதல்ல சார்" என்றாள்.

"அப்போ கடைசியா வந்த வள்ளம் எப்படி முதல்ல போச்சு?"

"அது கடைசியா வரல சார்."

அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் தமிழுக்கு மாறி மளமளவென்று விளக்கினாள். கோயில் மணியில் ஆரம்பித்து ஏலக்காரர் சொன்னது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். தேர்வாளர் வாட்சைப் பார்த்தார். "இதெல்லாம் சென்டிமென்ட்மா, சிஸ்டம் இல்ல. டெக்ஸ்ட் புக்ல எங்க இருக்கு, காட்டு" என்று கைடை அவள் பக்கம் தள்ளினார்.

நான் எழுந்துவிட்டேன். "அவ வேலை செய்யத் தொடங்கினப்போ டெக்ஸ்ட் புக் வேற சார். போய்ப் பார்த்து வரைன்னுதான் அதுல போட்டிருக்கு" என்றேன். 'வழிகாட்டி குறுக்கிடக் கூடாது மேடம்' என்று என்னை உட்கார வைத்தார்கள்.

மதியம் சார் என்னையும் அவளையும் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் டீ ஊற்றினார்.

"எம்மா ஜெனிட்டா, அவர்ட்ட நான் பேசிட்டேன். நல்ல மனுசன், ஒத்துக்கிட்டாரு. அந்த நடு வட்டத்தை மட்டும் எடுத்துட்டு வேற பிரிண்ட் எடுத்துட்டு வா. சாயந்தரத்துக்குள்ள பாஸ் போட்டுரலாம். ஒரு வட்டம்தானம்மா."

ஜெனிட்டா டீயைத் தொடவில்லை.

"அதை எடுத்துட்டா அது எங்க ஊரு இல்ல சார்."

"உங்க ஊருக்கா மார்க் போடுதோம்? பரீட்சைக்கும்மா."

"எங்கப்பாவை அப்பிடித்தான் சார் கரைக்குக் கொண்டாந்தாவ. நான் எடுக்க மாட்டேன்."

சார் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லு என்கிற மாதிரி. அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் அந்த வேலை கிடையாது என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் வேலை பிழைத்திருக்குமே என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். போய்ப் பார், பார்த்ததை வரை என்று சொல்லி அனுப்பியவள், பார்த்ததை அழி என்று எந்த வாயால் சொல்வது? இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

தேறவில்லை என்று போட்டார்கள். வாய்மொழித் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது. முதல்வரிடம் போனேன், பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டேன், சாரிடம் மறுபடி போனேன். 'பாத்துக்கிடலாம்' என்றார். சென்னை வேலை போயிற்று. அடுத்த தடவை ஜெனிட்டா வேறு ப்ராஜெக்ட் கொடுத்து பாஸ் ஆனாள். என்ன ப்ராஜெக்ட் தெரியுமா? விமான நிலையத்துக் கார் கம்பெனி. கைடைப் பார்த்து அப்படியே எழுதினாளாம். நல்ல மார்க். சான்றிதழ் வாங்க வந்த அன்றைக்கு, "கார் சாவியெல்லாம் கொடுத்துட்டேன் மேடம்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறமும் வருடக்கணக்கில் அதே கைடை வைத்து நான் பாடம் நடத்தினேன். சம்பளத்துக்குத்தான் நடத்தினேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். என் புத்தகம் நூலகத்தில் பார்வை நூல் அலமாரியில் இருந்தது. யாரும் எடுத்துப் பார்வையிட்டதாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், கைடின் புதிய பதிப்பு ஒன்று தபாலில் வந்தது. சங்கரலிங்கம் சார்தான் அனுப்பியிருந்தார், 'அன்புடன்' என்று கையெழுத்துப் போட்டு. முன்னுரையில், மாணவர்களின் வட்டார அனுபவத்தைக் கருத்தில் கொண்டு புதிய உதாரணம் சேர்த்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தார். புரட்டினேன். மீனவ கிராமத்தில் ஏல வரிசை. வள்ளம் வருவது ஒரு வட்டம், இடம் குறிப்பது ஒரு வட்டம், ஏலம் ஒரு வட்டம். அம்புகள் போகிற திசைகூட ஜெனிட்டா வரைந்ததுதான். நடு வட்டம் மட்டும் இல்லை. படத்துக்குக் கீழே, 'முதலில் வந்தவருக்கு முதலில் என்னும் முறைக்கு எளிய எடுத்துக்காட்டு.' அவள் பெயர் எங்கேயும் இல்லை.

புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். இந்த வயதில் செய்கிற காரியமா என்றால், ஆமாம், செய்தேன்.

இதை ஜெனிட்டாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன். அவள் இப்போது தூத்துக்குடியில் மீன் பதப்படுத்துகிற கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகியும் அதே கடற்கரை ஊரில்தான் இருக்கிறாள். எப்போதாவது என் வீட்டுக்கு வருவாள். கிறிஸ்துமஸ் முடிந்து பலகாரத்தோடு வந்தவள், அவளாகவே ஆரம்பித்தாள்.

"மேடம், எங்க ஊரு ஏலக்கூடத்துல டோக்கன் மெஷின் வச்சிருக்காவ தெரியுமா? வள்ளம் கரையில முட்டுனதும் பொத்தானை அமுக்கணும். நம்பர் வரும். அந்த நம்பர் அப்படியே டவுன்ல இருக்க வியாபாரிகளுக்கு போன்ல போயிரும். அவுக அங்கன இருந்தே ஏலம் கேக்காவ. ஏலக்காரர் நினைச்சாலும் முன்ன பின்ன மாத்த முடியாது."

"யாரு செஞ்சது?"

"ஏதோ ஒரு கம்பெனி. வந்த பையங்க நம்ம காலேஜ்தான் மேடம். ஒரே ஒரு நாள் வந்தாங்க. எந்த வரிசைல ஏலம் விடுதீயன்னு ஏலக்காரர்ட்ட கேட்டாங்க. வந்த வரிசைன்னாரு. எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

முதல் நாள் ஜெனிட்டாவுக்குக் கிடைத்த அதே பதில். இன்னொரு நாள் வந்து நிற்க வேண்டும் என்று அந்தப் பையன்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

வாடைக் காலத்தில் ஒரு வள்ளம் இன்ஜின் நின்று கடலில் மாட்டிக்கொண்டது. கோயில் மணி அடித்தது. இரண்டு வள்ளங்கள் தேடிப் போய் எல்லோரையும் உயிரோடு கொண்டுவந்தன. கரையில் முட்டிப் பொத்தானை அமுக்கினால் கடைசி நம்பர். லாரிகள் போய்விட்டன. சூரை மீன் முழுக்கக் கெட்டு, திரும்பக் கடலிலேயே கொட்டினார்கள். ஏலக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். கம்பெனிக்குப் போன் போட்டதற்கு, சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று பதில் வந்ததாம்.

"அது போவட்டும் மேடம். மீன் இன்னைக்குப் போனா நாளைக்குக் கெடைக்கும்" என்றவள் மேலே சொன்னாள். "இப்பல்லாம் கோயில் மணி அடிச்சா மொதல்ல ஆளாளுக்கு மூஞ்சியப் பாக்காவ மேடம். யாரு போகன்னு. முன்னெல்லாம் அப்பிடிப் பாக்க மாட்டாவ. எங்க வீட்டுக்காரரும் கடலுக்குத்தான் போறாரு."

உள்ளே போய்க் கைடை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். விரலை நடுவில் இருந்த வெற்றிடத்தில் வைத்தபடி கேட்டாள்.

"இதைப் பரீட்சையில கேக்காங்களா மேடம்?"

"கேக்கத்தான் செய்வாங்க. பத்து மார்க்."

"நடுவுல அந்த வட்டத்தையும் சேத்துப் போட்டா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது, 'முடிச்சிட்டீங்களா மேடம்' என்று முத்துக்குமார் மறுபடி போன் செய்தான். விடைத்தாள் திருத்துகிற இடத்தில் இருந்தான். நல்ல நேரம் என்று கேட்டேன். அந்த ஏலப் படத்தில் நடுவே இன்னொரு வட்டம் போட்டு யாராவது எழுதுகிறார்களா?

"ஆமா மேடம்! இந்த வருசம் ஒரு பேப்பர்ல வந்துச்சு. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை போல. தேடப் போன வள்ளம் அது இதுன்னு ஒரு வட்டம் சேத்து, பக்கம் பூரா வெளக்கம் எழுதியிருந்துச்சு. ஆன்சர் கீ-யில இல்லாததை எழுதினா என்ன செய்ய? மார்க்கைக் குறைச்சுட்டேன்."

"முத்துக்குமார், அந்தப் பிள்ளை எழுதினதுதான் சரி. ஜெனிட்டாவை உனக்கு ஞாபகம் இருக்கா? உன் பேட்ச்தான். நீ கார் கம்பெனியை வச்சு எக்ஸலண்ட் வாங்கினியே, அதுக்கு அடுத்து வந்தவ. அவ வரைஞ்ச படம் அது. அந்த வட்டம் இல்லாம அந்த ஊரே இல்ல. பேப்பரைத் திரும்ப எடுத்து மார்க்கைப் போடு. பையனோ பொண்ணோ, அந்தப் பிள்ளையாவது பாஸாகட்டும்."

அந்தப் பக்கம் விடைத்தாள் புரட்டுகிற சத்தம் நின்றது. அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. குரலை உயர்த்தாமல், மரியாதையாகத்தான் சொன்னான்.

"பாத்துக்கிடலாம் மேடம்."